பன்னிரண்டு கதவும் ஒரு வேட்டியும்

"எனக்கு எப்பங்க சாமி காவி?"

சென்னியப்பன் இதைக் கேட்பது ஒன்பதாவது முறை.

நீலாம்பாள் அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அவசரமுங்களா?"

"ஏழு மாசம் ஆச்சுங்க."

"எதுலிருந்து?"

"வீட்டை விட்டு வந்து."

அம்மை ஒரு முற்றிய காம்பை ஒடித்து வெளியே போட்டார். பதில் அவ்வளவுதான்.

தாராபுரத்துக்குத் தள்ளி, அமராவதி ஆற்றோரம் இருந்தது அந்தச் சின்ன மடம். அம்மைக்கு வயது முப்பத்தெட்டு. சீடனுக்கு ஐம்பத்தொன்று. இளையவர் முன்னால் கைகட்டி நிற்க அவன் ஒருநாளும் கூசியதில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவன் நல்ல சீடன்தான். மற்றதில் கொஞ்சம் அவசரக்காரன்.

திருப்பூரில் அவனுக்குப் பட்டறை இருந்தது. சமையலறை அலமாரி, துணி அலமாரி, டிவி வைக்கும் மேடை என்று இருபத்திரண்டு வருஷம் வீடு வீடாகச் செய்து மாட்டினான். நல்ல பெயர். நல்ல மனைவி. ஒருநாள் எல்லாம் சலித்துவிட்டது.

ஆவணி மாதம் ஒரு காலையில், மனைவி தெய்வானை அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நாலு வரி எழுதி டிவி ரிமோட்டுக்கு அடியில் வைத்தான். "மடத்துக்குப் போகிறேன். தேட வேண்டாம். பட்டறையை நீயே பார்த்துக்கொள். மன்னித்துவிடு." பஸ் ஸ்டாண்டில் சிம் கார்டை மாற்றினான். இருபத்தாறு வருஷக் குடித்தனம் முடிந்தது.

முடிந்தது என்று அவன் நினைத்தான். பற்றை அறுப்பது என்றால் இப்படித்தான், ஒரே இழுப்பு என்று அவனுக்கு உள்ளூரப் பெருமைகூட உண்டு.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவன் டூல்ஸ் பையை மட்டும் விடவில்லை. தோளில் மாட்டிக்கொண்டே வந்துவிட்டான்.

அம்மை கீரை ஆய்ந்து முடித்துத்தான் வாய் திறந்தார்.

"கரூர்க்காரர் ரெண்டு அலமாரி குடுத்திருக்காரு. பாத்தீங்களா?"

"பாத்தனுங்க."

கரூரில் ஒரு பக்தர் வீட்டைப் புதுப்பித்தார். பழைய துணி அலமாரிகள் இரண்டை, கம்பளிகள் வைத்துக்கொள்ள மடத்துக்கு அனுப்பியிருந்தார். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. மொத்தம் பன்னிரண்டு கதவுகள். ஓரத்தைச் சுற்றி நாடா போல ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டை, தொழிலில் எட்ஜ் பேண்ட் என்பார்கள், அது அங்கங்கே வாய் பிளந்து நின்றது. கம்பளியை எடுக்கும்போதெல்லாம் நூலைப் பிடித்து இழுத்தது.

"அந்தப் பழைய பட்டையை எல்லாம் எடுத்துப்போட்டுப் புதுசு ஒட்டிக் குடுங்க. பலகை மட்டும் அப்படியே இருக்கோணும்."

"அப்புறம்?"

"பங்குனி உத்திரம் வருதல்ல. காவிக்கல்லு கரைக்கறேன்."

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரும்பு தின்னக் கூலியா?

"சாமி, இது எனக்கு அரை நாள் வேலைங்க."

"நல்லதுங்க," என்றார் அம்மை.

*

அரை நாள்கூட ஆகவில்லை.

நாலு கதவைக் கழற்றிக் கிடத்தினான். பட்டையின் நுனியை உளியால் கிளப்பி, குறட்டால் பிடித்து, மேல்நோக்கி ஒரே இழுப்பு. சர்ர்ரென்று வந்தது. கூடவே பலகையின் ஓரமும் இங்கே ஒரு சில்லு, அங்கே ஒரு சில்லு என்று பெயர்ந்து வந்தது.

அதற்கெல்லாம் தொழிலில் மருந்து உண்டு. மரத்தூளையும் கோந்தையும் குழைத்துப் பள்ளத்தில் அப்பினான். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டான். மேலே புதுப் பட்டை. வீட்டுக்காரர் கிரகப்பிரவேசத் தேதியைச் சொல்லிக் கழுத்தில் உட்கார்ந்திருக்கும்போது பட்டறையில் எல்லாரும் செய்வது இதுதான். யாரும் கண்டுபிடித்ததில்லை.

அம்மை வந்தார். கதவைப் பார்க்கவில்லை. மூலையில் குப்பையாகக் கிடந்த பழைய பட்டை ஒன்றை எடுத்தார். திருப்பினார். பின்பக்கம் முழுக்கப் பழுப்பு நிறத்தில் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது.

"இது யாருது?"

"அது... பலகையோடதுங்க."

"இங்க எப்படி வந்துச்சு?"

சென்னியப்பன் தலையைச் சொறிந்தான்.

அம்மை புதுப் பட்டையின் மூலையில் நகத்தை வைத்தார். லேசாக நெம்பினார். அப்பிய தூளோடு அது பொக்கென்று எழும்பியது.

"அடுத்ததைப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

*

மறுநாள், சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை எடுத்தான். கோபமாக எடுத்தான் என்று சொல்ல வேண்டும்.

சூட்டை முழுதாகத் திருகி ஐந்தாவது கதவின் ஓரத்தில் பிடித்தான். பட்டை நெளிந்தது, சுருண்டது, விழுந்தது. சில்லு பெயரவில்லை. வெற்றிதான் என்று நிமிர்ந்தபோது கதவின் முகத்தில் ஒட்டியிருந்த மைக்காத் தகடு இட்லி மாதிரி உப்பியிருந்தது. தீய்ந்த வாசனை கொட்டகை வரைக்கும் போய் மாட்டைத் தும்ம வைத்தது.

அம்மை எட்டிப் பார்த்தார்.

"அடுத்தது."

சென்னியப்பனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் கேட்டது காவி. நீங்க குடுத்தது எட்ஜ் பேண்ட். இதுக்கும் ஞானத்துக்கும் என்னங்க சாமி சம்பந்தம்?"

"எனக்கென்னங்க தெரியும்? தொழிலு தெரிஞ்சவரு நீங்கதான்."

கிண்டலா என்று பார்த்தான். அம்மையின் முகம் எப்போதும் போல இருந்தது.

"சரி, தொழிலுக்காரரையே கேக்கறேன். இந்தப் பட்டை எப்படி ஒட்டினது?"

"கம்பெனியில மிசின்ல ஒட்டறதுங்க. கோந்தைச் சூடு பண்ணி ஒட்டுவாங்க. ஆறுனா இறுகிக்கும்."

"அப்ப எப்படி விடும்?"

"மறுபடி பதமாச் சூடு குடுத்தாத்தான் விடும்."

"நேத்தே தெரியுமுங்களா?"

"இருபத்திரண்டு வருசமாத் தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா பிடுங்குனீங்க?"

"அவசரமுங்க."

"யாருக்கு?"

ஆற்றுப் பக்கம் ஒரு மயில் அகவியது. சென்னியப்பன் அந்தத் திசையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மை உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியும், ஒரு பழைய துண்டும், தோசைத் திருப்பியும் கொண்டுவந்தார். ஆறாவது கதவின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். துண்டை மடித்துப் பட்டையின் மேல் போட்டு, அதன்மேல் பெட்டியை மெல்ல ஓட்டினார். ஒரு சாண் நீளம்தான். பெட்டியை எடுத்தார். புறங்கையை வைத்துப் பார்த்தார். மறுபடி ஓட்டினார். மறுபடி புறங்கை.

சென்னியப்பனுக்குக் கால் மரத்துப்போனது.

நுனியில் தோசைத் திருப்பியைச் செருகினார். பட்டையை மேலே தூக்கவில்லை. பலகையோடு பலகையாகப் படுக்கவைத்து, பின்னோக்கி மடக்கி, மெதுவாக நகர்த்தினார். ஒரு சாண் வந்ததும் நிறுத்தினார். அடுத்த சாணுக்குச் சூடு.

ஒரு பக்கம் முடிய முக்கால் மணி நேரம். பட்டை ஒரே நீளமாக வந்தது. பின்பக்கம் ஒரு பொட்டுகூட இல்லை. பலகையின் ஓரம் அறுத்த அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது.

"எங்கீங்க சாமி கத்துக்கிட்டீங்க?"

"ஈரோட்டுல பத்து வருசம் நர்ஸா இருந்தனுங்க. பிளாஸ்திரி பிரிச்சிருக்கேன்."

"தோலு வேற, பலகை வேறங்களே."

"அப்படீங்களா?" என்றார் அம்மை. எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார்.

*

பதறாத காரியம் சிதறாது என்று சொல்லக் கேட்டிருப்பான். அந்தப் பத்து நாளில் கையால் கேட்டான்.

ஆறு, ஏழு, எட்டு என்று ஒவ்வொரு கதவாக வந்தது. எந்த நிறப் பட்டை எவ்வளவு சூடு கேட்கும், காலை வெயிலில் கிடந்த கதவுக்கு எவ்வளவு குறைக்கலாம் என்பதெல்லாம் புறங்கைக்குத் தெரிந்துவிட்டது. பட்டை போனாலும் கோந்து போகாது. பலகையில் மஞ்சளாகப் படிந்திருக்கும். முன்பானால் மேலே புதுசை ஒட்டி மறைத்திருப்பான். இப்போது சூடு ஆறும் முன்பே சுரண்டினான். மிச்சத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்தான். புதுப் பட்டை ஒட்டிய இடத்தில் அவன் நகத்தாலேயே நெம்பிப் பார்த்தான். அசையவில்லை.

ஏழு கதவும் கண்ணாடி மாதிரி நின்றன. சென்னியப்பனுக்கு மார்பு விம்மியது. விம்மட்டும், நல்ல வேலைதான்.

"முடிஞ்சுதுங்க சாமி."

அம்மை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்க."

"மொத அஞ்சு கதவு?"

"அது அப்படியே இருக்கட்டும். நாளை மறுநாள் உத்திரம். வேட்டி இருக்குதுங்களா?"

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவிக்கல்லும் அண்டாவும்தான் மடத்துடையது. சாயத்தில் முக்கும் வெள்ளை வேட்டி, துறக்கப் போகிறவனின் வீட்டிலிருந்து வர வேண்டும்.

"புதுசே வாங்கி வெச்சிருக்கனுங்க. தாராபுரத்துல, கடையில."

"கடைக்காரரையா விட்டுட்டு வந்தீங்க?"

சென்னியப்பன் தின்னர்த் துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினான்.

"வீட்டுல குடுத்தாத்தான் சாயம். நீங்க போய் வாங்கிட்டு வாங்க."

போகவில்லை என்றால் காவி இல்லை. போனால் தெய்வானையின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஏழு மாதமாக அவன் எந்தக் கடவுளுக்கும் பயந்ததில்லை. அந்த முகத்துக்குத்தான் பயந்தான்.

*

பஸ்ஸில் பேச்சைத் தயார் செய்துகொண்டே போனான். அவள் கத்தினால் என்ன சொல்வது, அழுதால் என்ன சொல்வது, காலைப் பிடித்தால் எப்படி விலகுவது. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான்.

பட்டறையில் மெஷின் ஓடும் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. பெயர்ப் பலகையில் அவன் பெயர் அப்படியே இருந்தது. புதிதாகப் பெயின்ட்கூட அடித்திருந்தார்கள்.

தெய்வானை காதில் பென்சில் செருகி, பலகையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு அளவு எடுத்துக் கொடுத்தே பழகிய கை. இப்போது நாலு ஆட்களை வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். மெஷினை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள்.

"வாங்க," என்றாள், வாசலுக்கு வரும் யாரையும் சொல்வது மாதிரி.

வைத்திருந்த பதில்களில் இதற்கு ஒன்றும் இல்லை. திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னான். மடத்து வழக்கம், வேட்டி, உத்திரம்.

"வேட்டிதானுங்களே? வாங்க, வீட்டுல இருக்குது."

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். எதிரே சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"அந்தச் சீட்டை எழுத எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அஞ்சு நிமிசம் இருக்கும்."

"நாலு வரிதான். நான் படிச்சு முடிக்க ஏழு மாசம் ஆச்சுங்க."

சென்னியப்பன் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்தான்.

"முடிச்சுட்டயா?"

"முடிச்சுட்டேன். போன வெள்ளிக்கிழமை."

"என்ன தெரிஞ்சுது?"

"என்மேல தப்பில்லைன்னு தெரிஞ்சுது. அதுக்குத்தான் அத்தனை நாளு."

அவள் குரல் நடுங்கவில்லை. அளவைப் படித்துச் சொல்லும்போது எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். பிறகு பீரோவைத் திறந்து, உறை பிரிக்காத எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்தாள்.

"தீவாளிக்கு எடுத்தது. வந்துருவீங்கன்னு எடுத்தேன். இருக்கட்டும், வேலைக்கு ஆகுது பாருங்க."

இரண்டு கையாலும் கொடுத்தாள். இரண்டு கையாலும் வாங்கினான். வாங்கிய பிறகும் நின்றான்.

"இன்னும் ஏதாச்சும் வேணுமுங்களா?"

"கோவமில்லையா உனக்கு?"

"இருந்துச்சுங்க. ஐப்பசி வரைக்கும் கோவம். மார்கழி வரைக்கும் அழுகை. அப்புறம் அம்மாகிட்டப் பேசினேன், ஆளுங்ககிட்டப் பேசினேன், உங்க போட்டோகிட்டக்கூடப் பேசினேன். கொஞ்சம் கொஞ்சமா விட்டுது." அவள் சிரித்தாள். உண்மையான சிரிப்பு. "பஸ்ஸுக்கு நேரமாகலீங்களா?"

அந்த ஊரில் யாரும் யாரையும் "போங்க" என்று சொல்லி அனுப்ப மாட்டார்கள். கடன்காரனைக்கூட, எமனைக்கூட, "போயிட்டு வாங்க" என்றுதான் அனுப்புவார்கள். இருபத்தாறு வருஷத்தில் அவன் பால் வாங்கப் போனாலும் தெய்வானை அதைத்தான் சொல்வாள்.

அவள் வாசல் வரை வந்தாள்.

"போங்க," என்றாள். மென்மையாகத்தான் சொன்னாள்.

அவன் தெருமுனை திரும்பும் முன்பே மெஷின் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது.

*

உத்திரத்தன்று காலை, அண்டாவில் காவித் தண்ணீர் தளும்பியது. அம்மை ஒரு குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார்.

"வேட்டி குடுத்தாங்களா?"

"குடுத்துட்டாங்க சாமி."

"திட்டுனாங்களா?"

"இல்லீங்க."

"அழுதாங்களா?"

"இல்லீங்க. அவ முடிச்சுட்டாளாம். போன வெள்ளிக்கிழமையே."

"நீங்க?"

சென்னியப்பன் வேட்டியின் மடிப்பை நீவிவிட்டான்.

"பஸ்ஸுல அழுதனுங்க. பல்லடத்துலிருந்து இங்க வர்ற வரைக்கும். பக்கத்துல இருந்தவரு எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிட்டாரு."

"சரி. குடுங்க."

அம்மை கையை நீட்டினார். சென்னியப்பன் வேட்டியை நீட்டினான். அம்மை ஒரு முனையைப் பிடித்து, அண்டாவின் பக்கம் மெல்ல இழுத்தார்.

வரவில்லை.

"விடுங்க."

"விட்டுட்டனுங்க சாமி."

அம்மை அவன் கையைப் பார்த்தார். அப்போதுதான் அவனும் பார்த்தான். பத்து விரலும் மறுமுனையை இறுகப் பிடித்திருந்தன. ஒவ்வொரு விரலாக நீட்டப் பார்த்தான். ஒன்று நீண்டால் ஒன்று மடங்கியது. ஏழு மாதத்துக்கு முன்னால், ஐந்து நிமிஷத்தில், நாலு வரியில் விட்டுவிட்டு வந்த கை.

"பிடுங்கிக்குங்க சாமி," என்றான். "ஒரே இழுப்பு. வந்துரும்."

"அது உங்க பழக்கமுங்க," என்றார் அம்மை.

அண்டாவின் மேல் தட்டைப் போட்டு மூடினார். வேட்டியின் மறுமுனையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.